சீனாவில் ஒரு வருஷம்: ஊரிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

நான் திருவையாற்றுப் பெண். சீன மொழி படிக்க செங்டு வந்து ஒரு வருஷமும் சில மாதங்களும் ஆகின்றன. செங்டு, தென்மேற்குச் சீனாவில் சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரம். வந்த நாளிலிருந்து சித்தி, பெரியப்பா வீட்டு அண்ணன், கல்லூரித் தோழிகள், அவர்களுடைய தம்பி தங்கைகள் என்று யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாதிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருபவை. ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரே நகரத்தில் இருந்துகொண்டு விடுமுறைகளில் சில ஊர்களைப் பார்த்தவளின் அனுபவம் இது. அவ்வளவு பெரிய நாட்டுக்கு இதை அளவுகோலாக வைக்க வேண்டாம்.

போய் இறங்கியதும் முதலில் என்ன தோன்றியது?

உயரமான கட்டடங்களைப் பற்றிச் சொல்வேன் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். விமான நிலையத்திலும் மெட்ரோவிலும் பலகைகளில் ஆங்கிலமும் இருந்ததால் முதல் நாள் எதுவும் உறைக்கவில்லை. இரண்டாம் நாள் உப்பு வாங்கப் போனேன்.

விடுதிக்குப் பக்கத்துக் கடையில் ஒரு அடுக்கு முழுக்க வெள்ளைப் பொடிகள், பாக்கெட் பாக்கெட்டாக. எல்லாவற்றிலும் சீன எழுத்து மட்டும்தான். எது உப்பு, எது சர்க்கரை, எது மாவு என்று ஒன்றும் புரியவில்லை. விரலால் நசுக்கிப் பார்த்து, உப்பு மாதிரி இருந்த ஒன்றை எடுத்து வந்து ரசத்தில் போட்டேன். அது அஜினமோட்டோ. ரசத்தைக் கொட்டிவிட்டு வெகுநேரம் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பட்டம் வாங்கியவள், இரண்டு மொழிகளில் எதைக் கொடுத்தாலும் படிப்பவள், ஒரு உப்புப் பாக்கெட்டைப் படிக்க முடியாமல் நிற்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி என் அப்பாயி நினைவுக்கு வந்தாள். அப்பாயி கைநாட்டு. பேருந்து நிலையத்தில் வண்டி வந்தால் முதலில் ஒருவரிடம், "தம்பி, இது கும்மாணம் போற வண்டிதானே?" என்று கேட்பாள். அப்புறம் இன்னொருவரிடமும் கேட்பாள். இரண்டு பேரும் ஆமாம் என்றால்தான் ஏறுவாள். "போர்டுலதான் எழுதியிருக்கே அப்பாயி" என்று சின்ன வயதில் நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கும். இங்கே வந்த முதல் மூன்று மாதம் நான் செய்ததும் அதுதான்: இரண்டு பேரிடம் கேட்பது, இருவரும் ஒரே திசையைக் காட்டினால் நடப்பது.

சீனாவைப் பற்றி என் முதல் எண்ணம் என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எழுத்து தெரியாதவளாக வாழ்வது எப்படி இருக்கும் என்று இந்த நாடு எனக்குக் காட்டியது. கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் நின்று, பொறுமையாக வழி சொல்லிவிட்டுத்தான் போனார்கள். சிலர் கூடவே நடந்து வந்து வாசல்வரை விட்டுவிட்டுப் போனார்கள்.

மொழி அவ்வளவு கஷ்டமா? தெரியாமல் சமாளிக்க முடியுமா?

கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலி வைத்துக்கொண்டு சில வாரம் ஓட்டலாம். கேமராவை எழுத்தின் மேல் காட்டினால் அர்த்தம் சொல்லிவிடும். ஆனால் இங்கே வாழ வருகிறவர்கள் படித்தே ஆகவேண்டும்.

பேச்சில் கஷ்டம் சுரம்தான். 'மா' என்ற ஒரே ஒலியை நான்கு விதமாகச் சொன்னால் அம்மா, சணல், குதிரை, திட்டுவது என்று நான்கு அர்த்தம். நமக்கும் இது முழுக்கப் புதிதில்லை. "வந்தாச்சு" என்று இறக்கிச் சொன்னால் செய்தி, ஏற்றிச் சொன்னால் கேள்வி. அந்த ஏற்ற இறக்கத்தை வாக்கியத்தில் செய்கிறோம், அவர்கள் ஒவ்வொரு அசையிலும் செய்கிறார்கள். அப்படி நினைத்துக்கொண்ட பிறகு எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

சந்தோஷப்பட ஒரு விஷயமும் உண்டு. சீனத்தில் 'நி' என்றால் நீ. மரியாதையாக 'நின்' என்றால் நீங்கள். வயதில் மூத்த பெண்களை 'ஆயீ' என்று கூப்பிடவேண்டும். இரண்டு மொழிகளும் உறவில்லாதவை, இதெல்லாம் தற்செயல்தான். ஆனாலும் முதல் வகுப்பில் 'நி' என்று கேட்டபோது எனக்கு வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது. எங்கள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை இன்றுவரை ஆயீ என்று மனதார அழைக்கிறேன். அந்தச் சொல்லுக்கு எனக்கு இரண்டு மொழியிலும் அர்த்தம் இருக்கிறது.

எழுத்தில் எனக்கு முதலில் பழகியது ஒரு சதுரம். அதற்கு வாய் என்று பொருள், 'கோவ்' என்று படிக்கவேண்டும். மெட்ரோவில் வெளியே போகும் வழிக்கு 'சூ கோவ்', அதாவது வெளிவாய். உள்ளே வரும் வழிக்கு 'ரூ கோவ்', உள்வாய். நம் வாயில், வாசல் என்ற சொற்களுக்குள்ளும் வாய்தானே இருக்கிறது! அதற்கப்புறம் அந்தச் சதுரத்தை எங்கே பார்த்தாலும் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. மலைக்கு மூன்று சிகரம். ரயிலுக்கு நெருப்பு வண்டி, நாம் புகைவண்டி என்றது மாதிரி. கணினிக்கு மின்மூளை. அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய அடிப்படைப் பட்டியலில் 3,500 எழுத்துகள் இருக்கின்றன. நான் இன்னும் பாதி தூரம்கூட வரவில்லை.

ஒரு எச்சரிக்கை: வகுப்பில் படிப்பது பொதுச் சீனம். செங்டு காய்கறிச் சந்தையில் பேசுவது சிச்சுவான் வட்டார வழக்கு. 'ஷ' எல்லாம் 'ஸ' ஆகிவிடும், சுரமும் மாறிவிடும். நாலுக்கும் பத்துக்கும் அந்த ஒலியும் சுரமும்தான் வித்தியாசம் என்பதால், நாலா பத்தா என்று எனக்குக் குழப்பமாகிவிடும். கடைக்காரர்கள் விரலால் காட்டுவார்கள், அதிலும் ஒன்று முதல் பத்துவரை ஒரே கையில். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. இதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப், கூகுள் எதுவும் கிடையாதாமே? வீட்டோடு எப்படிப் பேசுகிறாய்?

ஆமாம். கூகுள், யூடியூப், வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் இங்கே தடுக்கப்பட்டவை. இங்குள்ளவர்கள் எல்லாவற்றுக்கும் வீசாட் என்ற செயலியைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இந்தியாவில் 2020 ஜூனில் வீசாட்டைத் தடை செய்துவிட்டார்கள். ஆக, இங்கே இருப்பது அங்கே இல்லை, அங்கே இருப்பது இங்கே இல்லை.

ஊர் சிம் கார்டை ரோமிங்கில் வைத்திருந்தால் அதன் இணையம் நம் ஊர் வழியாகப் போவதால் வாட்ஸ்அப் வேலை செய்யும். செலவு அதிகம். நான் ஞாயிற்றுக்கிழமை இங்கே இரவு 9 மணிக்குப் பேசுகிறேன். அப்போது ஊரில் மாலை 6.30, அம்மா விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். தடையைத் தாண்டும் செயலிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். சட்டச் சிக்கல் உள்ள விஷயம், நான் பரிந்துரைக்கமாட்டேன்.

முதல் சில வாரம் கை தானாகக் கூகுளைத் தேடும். அதன் பிறகு வரைபடத்துக்கு 'காவ்தே', தேட 'பைடு' என்று பழகிவிடும். என்னால் பழகிக்கொள்ள முடியாதது, ஊரில் ஏதாவது நடந்தால் எனக்குச் சில நாள் தாமதமாகத் தெரிவதுதான். பக்கத்து வீட்டுத் தாத்தா இறந்த செய்தி ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கு வரவில்லை.

கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ள வேண்டும்?

ஒரு யுவான் ஏறத்தாழ 12, 13 ரூபாய். கையில் 200, 300 யுவான் இருந்தால் போதும், அதுவும் அவசரத்துக்கு. எல்லாம் கைபேசியில் கியூஆர் குறியீடுதான். பனிக்காலத்தில் தெருவோரம் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுடும் தாத்தாகூடக் குறியீட்டு அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார். வெளிநாட்டவர்கள் அலிபே அல்லது வீசாட்டில் பாஸ்போர்ட் விவரம் கொடுத்துத் தங்கள் வங்கி அட்டையை இணைத்துக்கொள்ளலாம். 200 யுவான் வரையிலான செலவுக்குக் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் 3 சதவீதம் பிடிப்பார்கள். ரொக்கத்தை வாங்க மறுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சின்னக் கடைகளில் திருப்பித் தரச் சில்லறை இருக்காது.

கைபேசியில் சார்ஜ் தீர்ந்தால் இங்கே எதுவும் நடக்காது. கடை வாசல்களில் பவர் பேங்க் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அதை எடுக்கவே கைபேசியில் கொஞ்சம் உயிர் இருக்கவேண்டும்.

காவல் நிலையத்தில் போய்ப் பதிவு செய்யவேண்டுமாமே?

செய்யவேண்டும், பயப்பட ஒன்றுமில்லை. விடுதியிலோ ஓட்டலிலோ தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள். வீடு எடுத்தாலோ நண்பர் வீட்டில் தங்கினாலோ 24 மணி நேரத்துக்குள் நாமே போய்ச் சொல்லவேண்டும். நீண்ட காலப் படிப்பு விசாவில் வருகிறவர்கள் 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும். தாமதித்தால் அபராதம். எந்தத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள்.

சாப்பாடு? நீ சைவம் ஆயிற்றே!

அதிகம் கவலைப்பட்டது அம்மா. அதிகம் ஆச்சரியப்பட்டது நான்.

முதலில் 'நாய், பாம்பு' கேள்வி. மாமா, சித்தப்பா எல்லோரும் கேட்டுவிட்டார்கள். இந்த ஒரு வருஷத்தில் நான் சாப்பிட்ட எந்த இடத்திலும் அப்படி எதையும் பார்க்கவில்லை. நாய் இறைச்சி சாப்பிடும் பழக்கம் சில பகுதிகளில் உண்டு. ஷென்சென் நகரம் 2020 மே முதல் நாயையும் பூனையையும் உண்ணத் தடை விதித்தது. என் வகுப்புத் தோழிகளில் பாதிப் பேர் பூனை வளர்ப்பவர்கள். இந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள், மனம் புண்படும்.

சைவத்துக்கு 'வோ சீ சூ' என்று சொல்லவேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. இங்கே இறைச்சி பல நேரம் தாளிதம் மாதிரி. பீன்ஸ் பொரியல் என்று வாங்கினால் மேலே கொத்திய பன்றி இறைச்சி தூவியிருக்கும். சமைத்தவர் மனதில் அது காய்கறிதான், அவர் ஏமாற்றவில்லை. அதனால் "இறைச்சி வேண்டாம், தூள் இறைச்சியும் வேண்டாம், பன்றிக் கொழுப்பும் வேண்டாம்" என்று தனித்தனியாகச் சீனத்தில் எழுதிக் கைபேசியில் வைத்திருக்கிறேன். புத்த கோயில்களில் பயமே வேண்டாம். செங்டுவில் வென்ஷு மடத்துச் சைவ உணவகத்தில் முதன்முதலாக எதையும் கேட்காமல், தயங்காமல் வயிறாரச் சாப்பிட்ட நாளை மறக்கமாட்டேன்.

காரம் நமக்குப் பழக்கம்தானே என்று நினைத்து வந்தேன். சிச்சுவானில் மிளகாயோடு 'ஹுவாஜியாவ்' என்று ஒன்று சேர்க்கிறார்கள். பார்க்க மிளகு மாதிரி இருந்தாலும் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வாயில் பட்ட கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப் போய், மெல்லிய மின்சாரம் ஓடுவது போலத் துடிக்கும். முதல் தடவை எனக்கு ஒவ்வாமை என்று பயந்து தண்ணீரைத் தேடினேன். எதிரில் இருந்த தோழி தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, தனக்கும் அப்படித்தான், அதுதான் சுவை என்றாள். இப்போது அது இல்லாவிட்டால் சாப்பாடு சப்பென்று இருக்கிறது.

காலையில் சூடான சோயாப்பால், எண்ணெயில் பொரித்த நீள ரொட்டி. மதியம் பல்கலைக்கழக உணவகத்தில் சோறு, தக்காளி-முட்டைப் பொரியல் (முட்டை மட்டும் இங்கே வந்து பழகிக்கொண்டேன்), கத்தரிக்காய், ஒரு கீரை. 10 முதல் 15 யுவானுக்குள் முடிந்துவிடும். கீரையைத்தான் சொல்லவேண்டும். இத்தனை வகைக் கீரையை, பூண்டு மட்டும் போட்டுப் பச்சை மாறாமல் பெரிய தீயில் ஒரே நிமிஷத்தில் வதக்கி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இனிப்பில்லாத தயிர் தேடிக் கண்டுபிடித்தால் தயிர்சாதமும் உண்டு. சாதாரணமாகக் கடையில் கிடைப்பது இனிப்பு, உறிஞ்சுகுழல் போட்டுக் குடிப்பது.

சாப்பாட்டு மேசையில் ஒன்றே ஒன்று கவனியுங்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவர்களுக்குப் படைக்கும்போது ஊதுவத்தி நிற்பது போல இருக்கும், பெரியவர்கள் முகம் மாறிவிடும்.

எல்லோரும் ஏன் வெந்நீரே குடிக்கிறார்கள்?

குழாய்த் தண்ணீரை இங்கே அப்படியே குடிப்பதில்லை. 1952-ல் தொடங்கிய நாடு தழுவிய சுகாதார இயக்கம் கொதிக்கவைத்த நீரைக் குடிக்கும் பழக்கத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. குளிர்ந்த நீர் வயிற்றுக்கு ஆகாது என்ற பழைய மருத்துவ நம்பிக்கையும் அதோடு சேர்ந்துகொண்டது. ரயில் பெட்டி, ரயில் நிலையம், வகுப்பறைத் தாழ்வாரம் என்று எங்கே பார்த்தாலும் கொதிநீர்க் குழாய் இருக்கும். ஆளுக்கொரு பிளாஸ்க் வைத்திருப்பார்கள்.

டிசம்பரில் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. விடுதி ஆயீ கவனித்திருக்கிறார். கதவைத் தட்டி, சிவப்புப் பூப்போட்ட பெரிய பிளாஸ்கை மேசையில் வைத்து, மூடியில் ஊற்றி, நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். "நிறைய வெந்நீர் குடி" என்று சொன்னார். எந்த வியாதிக்கும் இங்கே முதலில் சொல்வது அதுதான். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னென்னவோ பேசினார். பாதி புரியவில்லை. புரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

பெண் தனியாக இருக்கலாமா? எங்கும் கேமரா என்கிறார்களே?

இருக்கலாம். இரவு 11 மணிக்கு நூலகத்திலிருந்து தனியாக நடந்து வருகிறேன், ஒரு நாளும் பயந்ததில்லை. ஊரில் எட்டு மணிக்கு மேல் அண்ணனைத் துணைக்குக் கூப்பிட்டவள் நான். இந்தச் சுதந்திரம் எனக்குப் பெரிது. பூங்காக்களில் மாலையானால் அம்மாக்கள் கூட்டமாகப் பாட்டுப் போட்டு ஆடுவார்கள். அவர்கள் இருக்கும் இடத்தில் பயம் எப்படி வரும்?

கேமரா நிஜம். மெட்ரோவில் ஏறும் ஒவ்வொரு முறையும் பையைச் சோதிப்பார்கள், ரயில், ஓட்டல் எல்லாம் அடையாள அட்டையோடு கட்டப்பட்டவை. இந்தப் பாதுகாப்பும் அந்தக் கண்காணிப்பும் ஒன்றாகத்தான் வருகின்றன. ஒன்றைப் புகழ்ந்து மற்றதை மறைத்தால் நான் உண்மை சொன்னவள் ஆகமாட்டேன். அரசியல் பேச்சைப் பொது இடத்தில் தவிர்க்கிறேன், உங்களையும் தவிர்க்கச் சொல்வேன்.

இந்தியர் என்றால் எப்படி நடத்துகிறார்கள்?

'யீந்து', அதாவது இந்தியா என்றவுடன் முதலில் வருவது ஆமிர் கான். அவருக்கு இங்கே செல்லப்பெயரே உண்டு, 'மீ ஷூ', மீ சித்தப்பா. வாடகைக் கார் ஓட்டுநர்கள் அவர் படத்தின் கதையை எனக்கே சொல்வார்கள். எல்லைப் பிரச்சினையைப் பற்றி இதுவரை இரண்டே பேர் கேட்டார்கள், இருவரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

வெறித்துப் பார்ப்பது உண்டு, முக்கியமாகச் சின்ன ஊர்களில். அனுமதி கேட்காமல் படம் எடுப்பவர்களும் உண்டு. "கறுப்பாக இருந்தாலும் அழகாக இருக்கிறாய்" என்று ஒரு அம்மா சொன்னார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார், எனக்கு வலித்தது. ஊரில் அதே வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்ததால் இன்னும் வலித்தது. ஒரு சின்ன ஊரில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு விடுதியில் வெளிநாட்டவர்களுக்கு அறை கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படி மறுக்கக் கூடாது என்று 2024-லேயே அரசு அறிவித்திருக்கிறது, ஆனால் அந்த வரவேற்பு மேசைக்கு அது எட்டவில்லை. மழையில் நின்ற என்னைப் பார்த்துப் பக்கத்து நூடுல்ஸ் கடைக்காரர் நாலைந்து இடத்துக்குத் தொலைபேசி செய்து ஒரு அறை பிடித்துக் கொடுத்தார். அந்த ஊரை நினைத்தால் எனக்கு இரண்டு பேரும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறார்கள்.

கழிப்பறை?

பெரும்பாலும் நம் ஊர் மாதிரி குத்தவைத்து உட்காரும் வகை. டிஷ்யூ எப்போதும் பையில் இருக்கட்டும், தண்ணீர் பாட்டிலும்.

புல்லட் ரயிலில் போனாயா?

போனேன். பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய் 1,318 கிலோமீட்டர், நாலரை மணி நேரத்துக்குள். நாடு முழுக்க அதிவேகப் பாதை 2024 முடிவில் 48,000 கிலோமீட்டர். முதல் முக்கியப் பாதை 2008-ல்தான் திறந்தார்கள் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கும். 12306 என்ற செயலியில் 15 நாள் முன்பே முன்பதிவு தொடங்கும், பாஸ்போர்ட்தான் டிக்கெட். வசந்த விழா (சீனப் புத்தாண்டு) நாட்களிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் பயணம் வேண்டாம், இடமே கிடைக்காது.

ஆனால் நீங்கள் வந்தால் நான் ஏற்றிவிட நினைப்பது வேறொரு ரயிலில். சிச்சுவானின் தெற்கே தாலியாங் மலைகளில், பூசியோங் ஊருக்கும் பன்ஜிஹுவா நகருக்கும் நடுவே ஒரு பச்சை ரயில் நாள்தோறும் ஓடுகிறது. 353 கிலோமீட்டர். குறைந்த கட்டணம் 2 யுவான், கடைசிவரை போனால் 25.5 யுவான். பல ஆண்டுகளாக அதை ஏற்றவில்லை. யீ இன மக்கள் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேறு நல்ல வழி இல்லாததால் விடாமல் ஓட்டுகிறார்கள். ஆடு, கோழி, பன்றிக்குட்டிகளை ஏற்ற அதில் தனி இடம் உண்டு. சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தால் ஒரு பள்ளத்தாக்கு, மறுபடி சுரங்கம்.

எனக்கு எதிரே ஒரு யீ பாட்டி, கறுப்புத் தலைப்பாகை, மடியில் மூடிபோட்ட மூங்கில் கூடை. உள்ளே எதுவோ அசைந்தது. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் பேத்தி, ஒன்பது பத்து வயதிருக்கும். பாட்டிக்குப் பொதுச் சீனம் வரவில்லை, எனக்கு யீ மொழி வராது. ஒவ்வொரு நிலையத்திலும் அந்தப் பெண் ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பெயர்ப்பலகையைப் படித்துப் பாட்டியிடம் சொன்னாள். மூன்றாவது நிலையத்தில் நானும் எட்டிப் பார்த்துத் திணறுவதைக் கவனித்தாள் போல. அதிலிருந்து முதலில் பாட்டிக்கு அவர்கள் மொழியில், பிறகு என் பக்கம் திரும்பி நிதானமாகச் சீனத்தில் என்று இரண்டு தடவை படித்தாள். கொஞ்சம்கூட அலுத்துக்கொள்ளவில்லை. இறங்கும்போது பாட்டி கூடைக்குள் கைவிட்டு, ஒரு துணியில் சுற்றிய இரண்டு வேகவைத்த உருளைக்கிழங்கை என் கையில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் சூடாக இருந்தன.

பார்த்ததில் மறக்க முடியாத இடம்?

பாண்டா என்று சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்குத் தூஜியாங்யான். செங்டுவிலிருந்து அரை மணி நேர ரயில்.

கிறிஸ்துவுக்கு முன் 256 வாக்கில் லீ பிங் என்ற ஆளுநர் அமைத்த பாசன ஏற்பாடு அது. ஆற்றை மறிக்கவில்லை. மின் ஆற்றின் நடுவில் மீன் வாய் மாதிரி கூரான ஒரு திட்டை வைத்துத் தண்ணீரை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். உள் ஆறு வயலுக்கு, வெளி ஆறு வெள்ளத்துக்கு. ஆற்றின் வளைவையும் ஆழத்தையும் வைத்து, தண்ணீர் குறைந்த காலத்தில் பெரும்பகுதி வயல் பக்கமும், வெள்ளக் காலத்தில் பெரும்பகுதி வெளிப்பக்கமும் தானாகப் போகிறது. வெடிமருந்து இல்லாத காலம். பாறையைத் தீ மூட்டிச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றி வெடிக்கவைத்து, 20 மீட்டர் அகலத்துக்கு மலையை வெட்டி வழி செய்தார்களாம். இன்றும் 6.7 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இந்தத் தண்ணீர்தான்.

கல்லணைத் தண்ணீரில் வளர்ந்தவளுக்கு அந்த ஆற்றின் மேலுள்ள பாலத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அங்கிருந்தே ரோமிங்கில் அப்பாவைக் கூப்பிட்டேன். செலவானால் ஆகட்டும் என்று தோன்றியது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "மணல் சேருமே, அத என்ன பண்றாங்க?" எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் போய்க் கேட்டேன். மணலில் பெரும்பகுதி வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. உள்ளே சேருவதைத் தண்ணீர் குறைந்த பனிக்காலத்தில் தூர்வாரும் வழக்கம். எவ்வளவு ஆழம் தோண்டவேண்டும் என்பதற்கு அடியில் இரும்புத் தண்டுகளைப் படுக்கவைத்துப் புதைத்திருக்கிறார்கள். இரும்பு கண்ணில் பட்டால் நிறுத்திவிடலாம். தூர்வாரி முடித்து, ஏப்ரல் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பதற்கு விழா எடுப்பார்களாம். இதை அப்பாவிடம் சொன்னபோது, "நமக்கு ஜூன் 12 மேட்டூர் மாதிரி" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, "இரும்பு பொதைச்சு வச்சது நல்ல யோசனம்மா" என்றார்.

தமிழர்களுக்கும் சீனாவுக்கும் பழைய தொடர்பு உண்டே, எதையாவது பார்த்தாயா?

சியானில் பெரிய காட்டுவாத்துக் கோபுரம் பார்த்தேன். யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுபோன சுவடிகளை வைக்க 652-ல் கட்டியது. அவர் காஞ்சிபுரத்தைப் பற்றியும் எழுதியவர்.

ஆனால் தமிழ் வணிகர்களின் தடத்தைப் பார்க்கவேண்டுமானால் தென்கிழக்குக் கடற்கரையில் சுவான்ஜோ போகவேண்டும். ஒரு காலத்தில் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று, 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. குப்லாய் கான் காலத்தில், 1281-ல், அங்கே ஒரு சிவன் கோயிலைப் பற்றிய தமிழ்க் கல்வெட்டு எழுந்தது, அதில் சீன எழுத்தும் உண்டு. அந்தக் கோயில் இப்போது இல்லை. அதன் சிற்பங்கள் சில கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சில கற்களைப் பிற்காலத்தில் கையுவான் புத்த கோயிலைப் புதுப்பித்தபோது எடுத்துப் பயன்படுத்திவிட்டார்கள்.

கையுவான் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் போனால் மற்ற தூண்களோடு சேராத இரண்டு தூண்கள் நிற்கும். பல பட்டைகள், நடுநடுவே வட்டத்துக்குள் சிற்பங்கள். நான் போனது ஒரு மழைநாள் காலை, கூட்டமில்லை. தகவல் பலகை இருந்தது. அதில் எனக்குப் பாதி எழுத்து தெரியவில்லை. விட்டுவிட்டுத் தூணைப் பார்த்தேன். நரசிம்மர், மடியில் இரணியன். அடுத்து, இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு குழந்தை.

அப்பாயிக்கு எழுத்துதான் தெரியாது, தூண் படிக்கத் தெரியும். கும்பகோணத்துக் கோயில்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தூணாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். உரலில் கட்டிப்போட்ட கண்ணன், உரலை இழுத்துக்கொண்டே போய் இரண்டு மருத மரத்தைச் சாய்த்த கதையை நான் புத்தகத்தில் படித்ததில்லை. அவளிடம் கேட்டதுதான்.

பக்கத்தில் ஒரு ஆயீ, பேரனோடு வந்தவர், நான் தூணையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அருகில் வந்தார். அது என்ன என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்த சீனத்தில், ஒவ்வொன்றாகச் சொன்னேன். குட்டிப் பையன். குறும்பு. அம்மா. கயிறு. பெரிய கல். மரம், இரண்டு மரம். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பேரனைத் தூக்கி, சிற்பத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் சொன்னதை முதலிலிருந்து அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.